‘இழுப்பு’ என்று சொன்னேன், திருத்தினார்கள். கச்சேரி கேட்க எத்தனை வார்த்தை தெரிந்திருக்க வேண்டும்?

சிம்மக்கல் மோட்டார் கடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சிம்மக்கல் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வயது 47. பாட்டு கற்றவன் இல்லை, கேட்பவன். சின்ன வயதில் அப்பா நவராத்திரிக்கு மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவார். கொலு பார்த்து முடித்ததும் எங்கே பாடிக்கொண்டிருக்கிறார்களோ அங்கே ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். நான் அவர் மடியில் தூங்கிப்போவேன். அப்படி ஒட்டிக்கொண்டது. இப்போதும் காயில் சுற்றும்போது செல்போனில் மதுரை மணி ஐயர் பாட்டோ மதுரை சோமு பாட்டோ ஓடிக்கொண்டே இருக்கும்.

போன மாதம் ஊரில் ஒரு சபாவில் கச்சேரி. நடுவில் பாடகர் காம்போதி ராகத்தில் ஒரு பாட்டுப் பாடினார். முடிந்து வண்டி எடுக்க வந்த இடத்தில் நாலைந்து பெரியவர்கள் கச்சேரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது. சும்மா இருக்க முடியாமல், “ஐயா, அந்தப் பாட்டை ஆரம்பிச்சு முதல் வரியை மூணாவது தடவை திருப்பிப் பாடும்போது கீழே இருந்து ஒரு இழுப்பு இழுத்தாரே, உடம்பு சிலிர்த்துப்போச்சு” என்றேன்.

ஒருவர் திரும்பிப் பார்த்து, “பாட்டு இல்லை, கிருதி. இழுப்பு இல்லை, கமகம். திருப்பிப் பாடினார்னு சொல்றீங்களே, அதுக்குப் பேர் நிரவல்” என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அதோடு அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். தமிழிசையில் பற்று உள்ளவர். அவராவது புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். “கமகம்னு அவர் சொன்னதும் தப்பு, ராகம்னு நீ சொல்றதும் தப்பு. பண் என்று சொல். காம்போதி இல்லை, தக்கேசி” என்றார். நான் பார்த்தவரை இரண்டு பேருமே அந்த இழுப்பு எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

இங்கே கேட்பது இதுதான். என்னைப்போல் கேட்கிறவனுக்கு எந்த வார்த்தைகள் உண்மையிலேயே வேண்டும்? பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் தங்களுக்குள் பேசும்போது இப்படித்தான் பேசிக்கொள்கிறார்களா? தெரிந்துகொள்ள ஆசை.

---

தல்லாகுளம் ரசிகர் எழுதியது:

தம்பி, உங்கள் மனம் புண்பட்டது புரிகிறது. ஆனால் நான் திருத்தியவர் பக்கம்தான் பேசுவேன். நாற்பது வருடமாகக் கச்சேரி கேட்கிறேன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் அதுவே முழுநேர வேலை. ஒரு கலைக்கு என்று சொற்கள் வந்தது வீம்புக்காக இல்லை. சொல் இல்லாமல் ராகத்தை விரிப்பது ஆலாபனை, பாட்டின் ஒரு வரியை எடுத்து விரிப்பது நிரவல், ஸ ரி க ம என்று ஸ்வரமாகவே கற்பனை செய்து பாடுவது கல்பனா ஸ்வரம். மூன்றும் மூன்று வேறு காரியங்கள். எல்லாவற்றையும் ‘இழுத்தார்’ என்று சொன்னால் கேட்கிறவருக்கு எது என்று எப்படித் தெரியும்? உங்கள் கடையிலும் ஸ்டேட்டர், ரோட்டர், வைண்டிங் என்று பிரித்துத்தானே சொல்வீர்கள்? ‘உள்ளே இருக்கிற கம்பி’ என்று யாராவது சொன்னால் நீங்கள் திருத்த மாட்டீர்களா?

இன்னொன்று. இந்தச் சொற்கள் எல்லாம் நாலு கச்சேரி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் தானாக வந்துவிடும். யாரும் பூட்டி வைக்கவில்லை.

---

சிம்மக்கல் மோட்டார் கடை எழுதியது:

ஐயா, பொறுமையாக எழுதியதற்கு நன்றி. கடையைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்.

கடைக்கு வருகிறவர் யாரும் கெப்பாசிட்டர் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “கும்முனு நிக்குது, சுத்த மாட்டேங்குது” என்பார். அந்த ‘கும்’மிலேயே எனக்குக் கெப்பாசிட்டர் தெரிந்துவிடும். “கரகரங்குது” என்றால் பேரிங். “உறுமிக்கிட்டே சூடாகுது” என்றால் லோடு என்ன, வோல்டேஜ் என்ன என்று பார்ப்பேன். மேலூர் பக்கத்திலிருந்து தோட்டத்து மோட்டாரை டிவிஎஸ் ஐம்பதில் கட்டிக்கொண்டு வருகிற அம்மா ஒருவர் இருக்கிறார். வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுவார். ஒரு தடவைகூட தப்பாகப் போனதில்லை. அவரைத் திருத்தினால் எனக்குத்தான் நஷ்டம், அடுத்த தடவை வெறுமனே “ஓடலை” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

வார்த்தைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா. கற்றுக்கொள்ளத் தயார்.

---

சோழவந்தான் நாயனம் எழுதியது:

மோட்டார்கடை அண்ணனுக்கு வணக்கம். நாங்கள் எங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்வோம் என்று கேட்டீர்கள். நான் நாயனம் வாசிக்கிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்பாதான் குரு. அவர் வாயிலிருந்து கமகம் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. சொல்லிக்கொடுக்கும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: “தோடிக் காந்தாரத்தை ஆட்டு. சங்கராபரணத்துக் காந்தாரத்தை ஆட்டாதே, நிறுத்து.” காந்தாரம் என்பது ஸ ரி க ம-வில் வரும் ‘க’, தோடியும் சங்கராபரணமும் ராகங்கள். இதை மட்டும் இரண்டு வருடம் சொன்னார். அப்புறம், “தொட்டுட்டு வா”, “வழுக்கி வா”, “அந்த இடத்துல இன்னும் கொஞ்சம் இழு, மூச்சை விட்டுடாதே.” ஆமாம் அண்ணே, இழு என்றுதான் சொன்னார்.

தவில்காரர்களும் மிருதங்கக்காரர்களும் பேசுவதைக் கேளுங்கள். எடுப்பு, இடம், கோர்வை, குறைப்பு, கணக்கு, சொல். மிருதங்கத்தின் ஒரு பக்கம் வலந்தலை, இன்னொரு பக்கம் தொப்பி. தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள், அதற்குப் பெயரும் ரவைதான். தவில்காரர் விரலில் மாட்டுவது கூடு. எங்கள் வாத்தியத்தில் வாயில் வைத்து ஊதுகிற சீவாளி, அதைச் சொருகுகிற கெண்டை, மரக்குழலான உலவு, அடியில் அணசு. சுருதி சொல்வதற்குக் கட்டை, ஆர்மோனியத்தின் கட்டை. எத்தனை பெரிய பாடகர் வந்தாலும் “உங்களுக்கு எத்தனை கட்டை?” என்றுதான் கேட்பார்கள். ஒரு கச்சேரியில் பாடுகிறதை ‘உருப்படி’ என்று சொல்வோம். “இன்னிக்கு எத்தனை உருப்படி?” துணிக்கடையிலும் சலவைக்கடையிலும் சொல்கிற அதே சொல். மைக்கில் அறிவிக்கிறபோது வருகிற பேச்சு வேறு, மேடைக்குப் பின்னால் நடக்கிற பேச்சு வேறு.

மைக் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு மேடையில் என்னை ‘நாதஸ்வர வித்வான்’ என்று அறிவித்தார்கள். உடனே இன்னொருவர் மைக்கை வாங்கி, நாதஸ்வரம் தவறு, நாகஸ்வரம் என்பதே சரி என்று பத்து நிமிடம் விளக்கினார். நாகசுரம்தான் பழைய பெயர் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் சீவாளி வாயில் ஊறிக்கொண்டிருந்தது, எனக்குக் கொடுத்திருந்ததே முக்கால் மணி நேரம்தான். அதுவும் முதல் நிகழ்ச்சி, மங்கல இசை, நாற்காலி எல்லாம் காலி. அப்பா கடைசிவரை அதை ‘வாத்தியம்’ என்று மட்டும்தான் சொன்னார். கல்யாண வீட்டில் எங்களுக்குப் பெயரே கிடையாது. “மேளம் வந்தாச்சா?” என்பார்கள். நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்து, கோட்டுப் போட்டு, நீளமான பாரி நாயனத்தைக் கையில் எடுத்து, உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்ற காலத்துக்குப் பிறகும் இதுதான் நிலை. எனக்கு எந்தப் பெயர் என்று சண்டை போடுகிறவர்கள், வாசித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தால் போதும்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். வார்த்தை தெரியாதவன் எப்படிக் கேட்கிறான் என்பதை நான் ஒருவரிடம் பார்த்தேன்.

ஒரு கோயிலில் பத்து நாள் திருவிழா. சாமி புறப்பாட்டுக்கு நாங்கள். புறப்படும்போது மல்லாரி வாசிப்போம், கம்பீர நாட்டை ராகத்தில். அதைக் கீழ்க்காலம், நடுக்காலம், மேல்காலம் என்று மூன்று வேகத்தில் எடுத்துப்போக வேண்டும். பல்லக்குத் தூக்குகிற சீர்பாதக்காரர்களின் நடை அதற்குள் இருக்கும். ஆறாம் நாள் ராத்திரி, சாமி இறக்கிவைத்த இடத்தில் அதில் ஒருவர் தோளைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். “தம்பி, நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சு. இன்னிக்கு வேகம் மாறுற இடத்துல ஒரு தட்டு தள்ளுது. கொம்பு தோள்ல இடிக்குது” என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. அன்றைக்குத் தவிலுக்கு வேறு பையன் வந்திருந்தான். நடுக்காலத்திலிருந்து மேலே ஏறும்போது அவன் அரை இடம் தள்ளி எடுத்தான். நான் அதைச் சமாளித்து மூடிவிட்டேன். முன்னால் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரிய மனிதர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை, சபாஷ் என்றார்கள். இவருக்குத் தோளில் தெரிந்துவிட்டது. அவருக்குத் திரிகாலம் என்ற சொல் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் பையனை உட்கார வைத்து அந்த இடத்தை முப்பது தடவை வாசிக்க வைத்தேன். அன்று ராத்திரி அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். எந்தச் சபா கொடுத்த பொன்னாடையும் எனக்கு அந்தத் தலையாட்டலுக்கு ஈடாகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேலே இருக்கிறவர்கள் எங்களை ஒதுக்குவதைப் பற்றி மட்டும் பேசினால் நியாயம் ஆகாது. எங்களுக்குள்ளும் உண்டு. கோயில், கல்யாணம், கச்சேரி வாசிக்கிற எங்களுக்கு ராஜமேளம் என்று பெயர். கரகாட்டத்துக்கு வாசிக்கிறவர்கள் நையாண்டி மேளம். அதே நாயனம், அதே தவில், கூடப் பம்பை, தமுக்கு. ஆனால் பெயரிலேயே ஒரு மட்டம் தட்டல் இருக்கிறது. நானும் என் இருபதுகளில் “அவன் நையாண்டி” என்று சொல்லி ஒரே பந்தலில் தள்ளி உட்கார்ந்தவன்தான். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கோயில் கொடையில் ஐப்பசி மழை. என் சீவாளி ஊறிப்போய் வாய் திறக்கவே இல்லை, மாற்றியதும் அதே கதிதான். அப்போது விடிய விடிய கரகாட்டத்துக்கு வாசித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு நையாண்டி நாயனக்காரர் எழுந்து வந்தார். தன் வாத்தியத்தில் தொங்கிய சீவாளிகளில் ஒன்றை அவிழ்த்து, இரண்டு தடவை ஊதிப் பார்த்து, என் கெண்டையில் அவரே சொருகிக் கொடுத்தார். அன்று நான் வாசித்த தோடி அவர் சீவாளியில் வாசித்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் மட்டம் தட்டுவதற்குச் சொல்வதில்லை.

---

பாட்டு டீச்சர், பசுமலை எழுதியது:

சோழவந்தான் சாருக்கு என் வணக்கம். அந்தச் சீர்பாதக்காரர் கதையை என் மாணவர்களிடம் கட்டாயம் சொல்வேன்.

மோட்டார்கடை சார், நீங்கள் எழுதியதில் ஒன்று என்னை உறுத்துகிறது. ‘பாட்டை ஆரம்பித்து, முதல் வரியை, மூன்றாவது தடவை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது நிரவல் இல்லை. அது சங்கதி. கிருதியின் பல்லவியை எடுத்ததும் அதே வரியை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துப் பாடுவார்கள். அது குருவிடம் பாடமாக வந்தது, வரிசை மாறாது. நிரவல் பெரும்பாலும் அனுபல்லவியிலோ சரணத்திலோ ஒரு நல்ல வரியை எடுத்துக்கொண்டு, தாளத்தில் சொற்கள் விழும் இடத்தை விடாமல், இசையை மட்டும் அந்த நேரத்துக் கற்பனையில் நிரப்புவது. வயலில் மண்ணை நிரவுகிறோமே, அந்த நிரவல்தான். நம் சொல்.

ஆக, திருத்தியவர் திருத்தியதுதான் தவறு. நீங்கள் சாதாரணச் சொல்லில் சொன்னது மிகச் சரியாக இருந்ததால்தான் அங்கே இல்லாத எனக்குக்கூட அது தெரிந்தது.

தல்லாகுளம் சார் சொல்வதையும் நான் தள்ள மாட்டேன். சங்கதிக்கும் நிரவலுக்கும் வித்தியாசம் தெரிந்தால் காது இன்னும் கூர்மையாகும். முதலாவதில் ‘எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள்’ என்று கேட்போம், இரண்டாவதில் ‘இப்போது என்ன செய்யப்போகிறார்’ என்று கேட்போம். கேட்கிற மனநிலையே மாறுகிறது. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: இந்த இரண்டு சொல், கூட ஆலாபனை, கல்பனா ஸ்வரம், தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கிற தனி. ஐந்து போதும். கிருதியா கீர்த்தனையா என்று மேடையில் இருப்பவர்களே மாற்றி மாற்றித்தான் சொல்கிறார்கள். பாட்டு என்பதில் என்ன குறை? அழைப்பிதழிலேயே ‘வாய்ப்பாட்டு’ என்றுதானே போடுகிறோம். என்னைத் தெருவில் எல்லோரும் பாட்டு டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பண் நண்பருக்கும் ஒரு வார்த்தை. அவர் வருத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் கடைசியில் ‘துக்கடா’, அதாவது துண்டுப் பாட்டு, என்று ஒதுக்கிய காலத்தில்தான் 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது, நம் ஊரிலும் ராஜா முத்தையா மன்றத்தில் அந்த வேலை நடக்கிறது. ஒரு சொல்லால் காயப்பட்டவர்கள் இன்னொரு சொல்லைக் கையில் எடுத்தார்கள். நான் வகுப்பில் ஸ ரி க ம சொல்லிக்கொடுத்த கையோடு, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சிலப்பதிகாரத்துப் பெயர்களையும் சொல்லிக்கொடுக்கிறேன். தக்கேசிப் பண்ணை ஓதுவார்கள் இன்று காம்போதியில்தான் பாடுகிறார்கள். சம்பந்தர் நம் ஆலவாயில் பாடிய மங்கையர்க்கரசி பதிகம் புறநீர்மைப் பண், கேட்டால் பூபாள ராகம். இரண்டு பெயரும் தெரிந்திருப்பது செல்வம். ஒன்றைச் சொன்னவரை இன்னொன்றால் அடிக்கக் கூடாது.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. மூன்று வருடம் முன்பு ஒரு பெண் குழந்தை, எட்டு வயது, ஜண்டை வரிசையை ‘ரெட்டை ரெட்டையா வர்ற பாட்டு’ என்று சொன்னது. நான் எல்லோர் முன்னிலும் “பாட்டு இல்லை, வரிசை. ஜண்டை வரிசைன்னு பத்து தடவை சொல்லு” என்றேன். சொன்னது. அடுத்த வாரத்திலிருந்து வகுப்பில் அதன் குரல் உதட்டைத் தாண்டவில்லை, இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது. ஜண்டை என்றால் இரட்டை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது கண்டுபிடித்திருந்தது. ஸஸ ரிரி கக மம பாடும்போதெல்லாம் எனக்கு அந்த முகம்தான் வருகிறது. இப்போது வகுப்பில் முதலில் அவர்களையே பெயர் வைக்கச் சொல்கிறேன், அப்புறம்தான் புத்தகத்துப் பெயர்.

கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை. சுற்றாமல் ‘கும்’ என்று நிற்கிற மோட்டார் என்று எழுதினீர்களே, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்தக் ‘கும்’ அதற்கு இரண்டு மடங்கு, 100. ஐந்து கட்டை சுருதியின் கீழ் ஷட்ஜம், அதாவது கீழ் ‘ஸ’, 98 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட அதேதான், மோட்டார் மயிரிழை மேலே. செல்போனில் தம்புரா செயலி இறக்கி ஐந்து கட்டை வைத்துப் பாருங்கள்.

---

தல்லாகுளம் ரசிகர் எழுதியது:

அம்மா சொன்னது சரி, அது சங்கதிதான். தம்பி எழுதியதை நானும் கவனிக்காமல் நிரவல் என்று ஏற்றுக்கொண்டேன்.

என் அப்பா மணி ஐயரை நேரில் கேட்டவர். சர்வலகுவில், அதாவது தாளத்தின் ஓட்டத்தோடு சிக்கலில்லாமல், அவர் ஸ்வரம் பாட ஆரம்பித்தால் பந்தலுக்கு வெளியே நிற்கிறவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள் என்பார். முத்தையா பாகவதர் மேற்கத்திய மெட்டில் அமைத்த இங்கிலீஷ் நோட்டை அவர் பாடினால் கைதட்டல் வெளியில் இருந்துதான் முதலில் வருமாம். சர்வலகு என்ற சொல்லை நான் அப்பாவிடமிருந்துதான் கற்றேன். வெளியே நின்றவர்கள் கற்றார்களா என்று நான் இதுவரை யோசித்ததில்லை. தம்பி, அடுத்த கச்சேரிக்கு வரும்போது என் பக்கத்தில் உட்காருங்கள். இழுப்பு வரும்போது எனக்கும் சொல்லுங்கள்.

---

சிம்மக்கல் மோட்டார் கடை எழுதியது:

ஐயா, கண்டிப்பாக வருகிறேன். டீச்சரம்மா, ஐந்து சொல்லையும் கடைச் சுவரில் மார்க்கரில் எழுதிவைத்துவிட்டேன். சோழவந்தான் தம்பி, அடுத்த புறப்பாடு எந்த ஊரில் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள், மல்லாரிக்குப் பல்லக்குப் பக்கத்திலேயே நடந்து வருகிறேன்.

இன்று காலையில் ஒரு அரை எச்பி மோட்டார் வந்தது, கெப்பாசிட்டர் போனது. பையனைச் சுவிட்சில் நிற்கச் சொல்லிவிட்டு, தம்புராவை ஐந்து கட்டையில் வைத்து பெஞ்சில் மோட்டார் பக்கத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் விட்டால் வைண்டிங் கருகிவிடும், அதனால் ஐந்து ஐந்து விநாடியாகத்தான் போட்டோம். முதல் தடவை இரண்டும் ஒட்டவில்லை, நடுவில் ஒரு அலை மாதிரி அடித்தது. தம்புரா கொஞ்சம் கீழே நின்றது. செயலியில் துளித்துளியாக ஏற்றினேன். நாலாவது தடவை அலை அடங்கி, எது தம்புரா எது மோட்டார் என்று தெரியாமல் ஒட்டிக்கொண்டது. பையன் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டான், நான்தான் ஓடிப்போய் அணைத்தேன்.